புல்வெட்டி இன்ஜினை விமானத்தில் ஏற்றும் மாற்றுத் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

25 சிசி புல்வெட்டி இன்ஜினை மாதிரி விமானத்துக்கு ஏற்றபடி மாற்றுவதற்கென விற்கப்படும் இந்தத் தொகுப்பில் புரொப்பெல்லரை இன்ஜின் ஷாஃப்ட்டோடு இணைக்கும் ஹப், பின்பக்க மவுண்ட் தகடு, குட்டையான சைலன்சர், எரிபொருள் குழாய், விளக்கத்தாள் ஆகியவை உள்ளன. ஹப்புக்காகவே இதை வாங்கலாம்; மற்றவற்றில் சிலவற்றை வாங்குபவரே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இன்ஜின் சீராகச் சுழல உதவும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் நட்டு இருந்த இடத்தில் ஹப் திருகப்படுகிறது. அதன் இறுக்கமே ஃப்ளைவீலையும் ஷாஃப்ட்டின் கூம்பில் பிடித்து வைக்கிறது. நுண்ணிய விலகலையும் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தபோது ஆட்டம் ஏதும் தென்படவில்லை. ஃப்ளைவீலுக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே செருகப்படும் சிறு உலோகத் துண்டான சாவி தீப்பொறி விழும் நேரத்தை நிலைநிறுத்துவதற்கு மட்டுமே, சுமையைத் தாங்குவது கூம்பின் உராய்வுதான் என்பதையும், ஆகையால் இரு முகங்களையும் எண்ணெய்ப் பிசுக்கின்றித் துடைத்த பிறகே இறுக்க வேண்டும் என்பதையும் விளக்கத்தாள் தெளிவாகச் சொல்கிறது.

கிளட்ச், கயிற்று ஸ்டார்ட்டர், பிளாஸ்டிக் உறை ஆகியவற்றைக் கழற்றினாலே எடை வெகுவாகக் குறைந்துவிடும். ஃப்ளைவீலின் விசிறி இதழ்களையும் லேத்தில் கடைந்து எடுக்கலாம். ஆனால் அதன்பின் சிலிண்டரைக் குளிர்விப்பது புரொப்பெல்லர் காற்று மட்டுமே என்பதால், இன்ஜினை மூடும் கவுலிங்குக்குள் அந்தக் காற்றைச் சிலிண்டரின் மீது திருப்பிவிடும் தடுப்புகள் அவசியம். இதைப் பற்றி விளக்கத்தாளில் ஒரு வரிகூட இல்லை.

கார்புரேட்டரை மாற்றத் தேவையில்லை. புல்வெட்டியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அதில் நெகிழும் சவ்வால் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரம் வகைக் கார்புரேட்டரே இருக்கிறது. இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பால் இயங்கும் அதன் பம்ப் டாங்கிலிருந்து பெட்ரோலைத் தானே இழுத்துக்கொள்வதால், மெத்தனாலில் ஓடும் குளோ இன்ஜின்களைப் போல டாங்குக்கு அழுத்தக் குழாய் கொடுக்க வேண்டியதில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. டயாஃப்ரம் மூடியிலுள்ள சிறு காற்றுத் துளையின் மீது புரொப்பெல்லர் காற்று நேராக மோதினால், தரையில் செம்மையாக அமைத்த கலவை வானில் மாறிவிடும். துளைக்கு மேல் ஒரு சிறு குழாய் பொருத்தி, அதன் மறுமுனையை விமான உடலுக்குள் காற்று அலையாத இடத்தில் விட்டால் போதும். இவ்வளவு எளிய பொருளைத் தொகுப்பில் சேர்க்காமல் விட்டது வியப்பளிக்கிறது.

அதைவிட வியப்பு, எரிபொருள் குழாயாகச் சிலிக்கோன் குழாயைத் தந்திருப்பது. மெத்தனாலுக்கு அது பொருந்தும். பெட்ரோல் பட்டால் உப்பி நைந்துவிடும். டைகான் அல்லது நியோபிரீன் குழாயைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.

தீப்பொறியின் மின்னிரைச்சல் விமானத்தின் ரேடியோ ரிசீவரை எட்டாதிருக்க ரெசிஸ்டர் வகை ஸ்பார்க் பிளக்கும், திராட்டிலுக்கு உலோகமல்லாத இணைப்புக் கம்பியும் வேண்டும் என்று விளக்கத்தாள் கூறுவது சரியே. ஆனால் இன்ஜினை உடனே நிறுத்தும் கில் சுவிட்ச்சை 'விருப்பமிருந்தால்' என்ற பட்டியலில் வைத்திருப்பதை என்னால் ஏற்க இயலாது. சுழலும் காந்தத்தால் தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோவில் கழற்றிவிடுவதற்குப் பேட்டரி ஏதும் கிடையாது. காயிலின் நிறுத்தக் கம்பியை இன்ஜின் உடலோடு இணைத்தால்தான் தீப்பொறி நிற்கும்.