ஃபைபர் பெட்ரோல் டேங்க் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கடலூரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒற்றை இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி வருகிறோம். பறக்க மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அனுமதி வேண்டும். அதற்கு முன், வாலைப் பனைமரத்தோடு கட்டித் தரையில் இன்ஜினை ஓட்டிப் பார்க்கிறோம். போன மாதம் அந்த இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோதே நின்றுபோனது. காரணம், காசு கொடுத்து வாங்கிய டேங்க்.

முதுநகர் பக்கம் படகு கட்டும் பட்டறை ஒன்றில் செய்யக் கொடுத்திருந்தோம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. கை தேர்ந்த ஆட்கள் நிறைய உண்டு. படகு வேலையில் அந்தப் பட்டறைக்காரரும் கெட்டிக்காரர்தான். ஆனால் முதல் நாளே சொன்னோம்: "அண்ணே, இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் தாங்காது, வினைல் எஸ்டர் போடுங்க." (ரெசின் என்பது ஃபைபர் இழைகளை இறுக்கிப் பிடிக்கும் பசை.) "எனக்குத் தெரியாதா தம்பி" என்றார். வினைல் எஸ்டர் என்றே பில் எழுதி 18,000 ரூபாய் வாங்கினார்.

பொருத்திய அன்று கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, பெட்ரோலை அளந்து பிடித்துப் பார்த்தோம். பம்ப் வைத்த அமைப்பில், முழு த்ராட்டிலில் இன்ஜின் குடிப்பதில் 125 சதவீதமாவது வர வேண்டும். அதற்கு மேலேயே வந்தது. சரி என்று விட்டுவிட்டோம். அந்தச் சோதனையை மறுபடி செய்யாதது எங்கள் தவறு.

மூன்று வாரம் பெட்ரோல் டேங்கிலேயே நின்றது. ரெசின் இளகி, ஃபில்டரில் மஞ்சள் பிசினாகப் படிந்திருக்கிறது. ஐடிலில் ஒரு குறையும் தெரியவில்லை, அதற்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். முழு த்ராட்டில் கொடுத்த நாலாவது நிமிடம் சுழற்சி விழுந்தது, அப்புறம் ஒரே கிறீச், நின்றுவிட்டது. எங்களுடையது டூ ஸ்ட்ரோக். ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் வரும். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக் கிடக்கிறது. முழு த்ராட்டில் தேவைப்படுவதே தரையை விட்டு எழும்பும்போதுதான். ஓட்ட வேண்டியவன் என் தம்பி. எனக்கு இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை.

போய்க் கேட்டால், "பங்க்ல கலப்படம் சார். படகுக்காரங்க ஒருத்தரும் குறை சொன்னதில்லை" என்றார். படகுக்காரர்கள் எரிபொருளை பிளாஸ்டிக் கேனில் அல்லவா வைத்திருக்கிறார்கள்! டேங்கில் ஒரு துண்டு வெட்டினோம். நாங்களே வினைல் எஸ்டரில் ஒரு துண்டு வார்த்தோம். இரண்டையும் ஒரே பெட்ரோலில், தனித்தனிப் பாட்டிலில், பத்து நாள் ஊறவைத்தோம். அவருடையதில் நகம் பதிந்தது. எங்களுடையது அப்படியே கெட்டியாக இருந்தது. பாட்டில்களை அவர் மேசையில் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்: அந்த வாரம் வினைல் எஸ்டர் ஸ்டாக் இல்லையாம். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் காத்திருப்போமே. பணம் இன்றுவரை திரும்பவில்லை.

வேலை கொடுக்கும் முன் அதே ரெசினில் வார்த்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பெட்ரோலில் ஊறப்போடுங்கள். ரெசின் டப்பாவை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இந்தப் பக்கம் டேங்க் வாங்கி, படகிலோ ஜெனரேட்டரிலோ மாட்டியிருந்தால், இன்றே ஃபில்டரைக் கழற்றி விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.