அரசுத் தரப்பிலிருந்து எதிர்த்தரப்புக்கு வந்த உதகை வழக்கறிஞர்: ஒரு மதிப்பீடு

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டும் என் தாய்மாமன் மீது, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் வழக்குப் பதிவானபோது, நாங்கள் அமர்த்திக்கொண்ட உதகை வழக்கறிஞரைப் பற்றியது இந்த மதிப்பீடு. நடுவர் நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் அரசு உதவி வழக்கறிஞராக இருந்து, ஓய்வுக்குப் பின் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக ஆஜராகி வருபவர் அவர். வழக்கறிஞர்கள் விளம்பரம் தேடுவதை பார் கவுன்சில் விதிகள் தடுப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் சந்திப்பில் அவர் மாமாவின் கதையைக் கேட்கவே இல்லை. முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல் துறை எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகியவற்றை மேசைமேல் வரிசையாகப் பரப்பி, வரைபடத்தில் வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது, சாலையின் அகலம் குறிக்கப்பட்டிருக்கிறதா, டயர் தடம் காட்டப்பட்டிருக்கிறதா என்று பென்சிலால் தட்டித் தட்டிப் பார்த்தார். மாமாவின் வண்டி மேலேறிக்கொண்டிருந்தது, இருசக்கர வாகனம் இறங்கி வந்தது என்பதை அதன் பிறகுதான் கேட்டறிந்தார். (மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பதைச் சமவெளியிலிருந்து வருவோர் பலர் அறிவதில்லை.)

அவருடைய அனுபவத்தின் பலன் குறுக்கு விசாரணையில் தெரிந்தது. பிக்கப் ‘அதிவேகமாக’ வந்ததை நேரில் கண்டதாக நீதிமன்றத்தில் கூறிய சாட்சி, காவல் துறையிடம் அளித்த வாக்குமூலத்தில் சத்தம் கேட்ட பிறகே வந்து பார்த்ததாகச் சொல்லியிருந்தார். அந்த முரண்பாட்டைச் சாட்சியின் முன்வைத்ததோடு நிறுத்தாமல், பின்னர் கூண்டேறிய விசாரணை அதிகாரியிடமும் கேட்டு அதைப் பதிவு செய்ய வைத்தார். இரண்டாவது படியைத் தவறவிட்டால் முதல் படியால் பயனில்லை என்பது அரசுத் தரப்பில் நின்றவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதிவேகம் என்ற சொல் மட்டுமே கவனக்குறைவை நிரூபித்துவிடாது என்று கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் கூறியதை வாதத்தின்போது எடுத்துக்காட்டினார். இறந்தவரின் தம்பியை ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாமல் இரண்டே கேள்விகளில் அனுப்பிவைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாமா விடுதலையானார்.

குறைகளும் உண்டு. கட்சிக்காரரையும் சாட்சியைப் போலவே மடக்கி மடக்கிக் கேட்பார் என்பதால் மனம் நொந்திருப்பவர்களுக்கு முதல் நாள் கடினமாக இருக்கும். சாதாரண வாய்தாக்களுக்கு ஜூனியர்களே கோத்தகிரி நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். அடுத்த வாய்தா தேதியை நாம்தான் தொலைபேசியில் துரத்திக் கேட்க வேண்டும். கட்டணத்தை வழக்கின் கட்டம் கட்டமாக வாங்குவது வசதிதான், ஆனால் ரசீது கேட்டால் மட்டுமே கிடைக்கிறது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் ‘கட்டாயம் விடுதலை’ என்று அவர் வாயிலிருந்து வராது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

கட்டணம் எட்டாதவர்கள் கடன் வாங்கி இவரிடம் போக வேண்டியதில்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, வருமானம் எதுவாயினும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமை இருப்பதால், முதலில் அங்கே மனுக் கொடுப்பது நல்லது.