ஏழு வருஷமா கூடலூர் மழையில ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி

அப்பாவுக்கு 70 வயசு முடிஞ்சதும் அவரோட 12 போர் (குழல் அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கிய என் பேருக்கு மாத்தினோம், 2018ல. லைசென்ஸ்காரருக்கு 70 வயசாயிட்டாலோ இல்ல 25 வருஷம் வெச்சிருந்தாலோ வாரிசு பேருக்கு விண்ணப்பிக்கலாம்னு 2016 ஆயுத விதிகள்ல இருக்கு. அந்த அலைச்சலப் பத்தி இங்க சொல்லப் போறதில்ல. வாங்கினதுக்கு அப்புறம் வீட்டுல எப்படி வெச்சுக்கிறதுன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல, அதத்தான் எழுதுறேன்.

எங்க நீலகிரி கூடலூர் பக்கம் ஜூன்ல ஆரம்பிச்சா ஆகஸ்ட் வரைக்கும் வெயில பார்க்கிறதே அபூர்வம். செருப்புல பூஞ்சை, பெல்ட்டுல பூஞ்சை, பீரோல இருக்கிற பட்டுப்புடவையில கூட பூஞ்சை. அந்த வீட்டுல இரும்புக் குழல் என்ன பாடு படும்னு நெனச்சுப் பாருங்க. தோட்டத்துக்கு யானை வந்தா பாரஸ்ட் ஆளுங்களுக்கு போன் போடுவோம், துப்பாக்கியத் தொடுறதே இல்ல. எடுக்காம கெடக்குறதாலதான் அதுக்கு இன்னும் அதிகமா கவனிப்பு வேணும்.

மொதல்ல பூட்டு விஷயம். ரெட்டைக்குழல்ல ஒரு வசதி, குழலுக்கு அடியில இருக்கிற பிடிக்கட்டைய கழட்டினா குழல் தனியா கட்டை தனியா வந்துடும். முழுசா வெச்சா நாலு அடி நீளம் வேணும், பிரிச்சா ரெண்டரை அடிதான். நான் குழல ஒரு பெட்டியில, கட்டைய வேற ரூம்ல இருக்கிற பீரோ லாக்கர்ல, தோட்டாவ மூணாவதா ஒரு சின்ன பூட்டுப் பெட்டியில வெக்கிறேன். எவனாவது உள்ள பூந்தாலும் ஒண்ண எடுத்துட்டுப் போய் ஒண்ணும் பண்ண முடியாது. குழல் பெட்டிய வெல்டிங் கடையில சொல்லி 3 மில்லிமீட்டர் தகட்டுல அடிச்சேன், பின்னாடி நாலு ஆங்கர் போல்ட் போட்டு கருங்கல் சுவத்துலயே இறுக்கியாச்சு.

சாவியில நான் பண்ணின தப்ப மறைக்காம சொல்லணும். சாமி படத்துக்குப் பின்னாடிதான் ஆணியில மாட்டி வெச்சிருந்தேன், யாருக்கும் தெரியாதுன்னு நெனப்பு. பையன் அப்ப மூணாவது படிக்கிறான். ஒருநாள் நான் பெட்டி முன்னாடி நின்னு பாக்கெட்ட தடவிட்டு இருக்கேன், "அப்பா, சாவி முருகர் படத்துக்குப் பின்னாடி இருக்கு"ன்னு ஹோம்வொர்க்ல இருந்து தலைய கூட தூக்காம சொல்றான். எனக்கு கை கால் ஆடிப் போச்சு. அன்னைக்கே நம்பர் லாக் வாங்கி மாட்டினேன், நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். புள்ளைங்க இருக்கிற வீட்டுல ஒளிச்சு வெச்ச சாவிய நம்பாதீங்க, அதுங்க கண்ணுக்குத் தப்புற எடம்னு வீட்டுல ஒண்ணு கிடையாது.

இனி துரு. தேர்தல் வந்தா லைசென்ஸ் துப்பாக்கிய ஒப்படைக்கச் சொல்வாங்க, முடிஞ்சதும் திருப்பித் தருவாங்க. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு எல்லாரையும் போல நானும் கொண்டு போய் ஒப்படைச்சேன், அழகா எண்ணெய் தடவி, உள்ள துணி வெச்சு தெச்ச ரெக்சின் கவர்ல போட்டு ஜிப் மூடிக் குடுத்தேன். மே மாசம் திரும்பி வாங்கிட்டு வந்து ஜிப்ப தொறந்தா வயிறு எரிஞ்சது. கவரோட உள்துணி நெசவு அப்படியே கட்டம் கட்டமா குழல் மேல செவப்பா பதிஞ்சிருக்கு. இடது குழல்ல ஒரு கட்டைவிரல் ரேகை, வரி வரியா, துருவாலயே வரைஞ்ச மாதிரி. அந்த ரேகை என்னோடதுதான், குடுக்குறதுக்கு முன்னாடி கடைசியா தொட்டது நான்தான். வேர்வையில இருக்கிற உப்பு ஈரத்த இழுக்கும், துணி அந்த ஈரத்த புடிச்சு வெச்சுக்கும். கவர் எடுத்துட்டுப் போறதுக்கு மட்டும்தான், வீட்டுலயும் கவரோட வெக்கக் கூடாது.

அத சரி பண்ண ராத்திரி பூரா எண்ணெய்ல ஊற வெச்சு, நாலு சைபர் (0000) ஸ்டீல் வூல்ல, அதாவது ரொம்ப மெல்லிசான இரும்பு நார்ல, எண்ணெய் தொட்டு மெதுவா தேச்சேன். உப்புத்தாள் வேணாம்பா, தயவு செஞ்சு. குழல் மேல இருக்கிற அந்த கருநீலப் பூச்சே இரும்போட ஒரு வகை ஆக்சைடுதான், ரொம்ப மெல்லிசு, அதுதான் எண்ணெய புடிச்சு வெச்சுக்கிறது. உப்புத்தாள் போட்டா துருவோட அதுவும் போயிடும். முக்காவாசி போச்சு, ரேகை இருந்த எடத்துல மட்டும் சின்ன சின்ன குழியா இன்னும் இருக்கு.

எண்ணெய் விஷயத்துல தாத்தா காலத்துல தேங்காய் எண்ணெய்தானாம், அது நாள்பட்டா பிசுபிசுன்னு பசையா ஆயிடும். டபிள்யூடி 40 ஈரத்த வெரட்டவும் கறைய எடுக்கவும் நல்லா இருக்கு, ஆனா மாசக்கணக்குல காப்பாத்தாது, நான் ஒரு மழைக்காலம் நம்பி ஏமாந்தேன். இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கன் ஆயில் மெல்லிசா, நீண்ட நாளைக்குன்னா லித்தியம் கிரீஸ் விரல் நுனியளவு எடுத்து துணியால பரவலா தேய்க்கிறேன். நெறைய ஊத்தினா நல்லதுன்னு நெனக்காதீங்க, வழிஞ்சு கட்டைக்குள்ள எறங்கினா மரம் கறுத்து மெத்துன்னு ஆயிடும். குழல வாய் கீழ பார்த்து வெக்கிறது அதுக்குத்தான், பிரிச்சு வெச்சாலும் இந்தப் பழக்கத்த விடல.

பெட்டிக்குள்ள ஈரத்த உறிஞ்சுற சிலிகா ஜெல் மணி அரை கிலோ, துணிப்பையில. மொத வருஷம் ஒரு வாரத்துலயே நெறம் மாறிடும், என்னடான்னு பார்த்தா கதவு இடுக்கு வழியா ஊர் ஈரமெல்லாம் உள்ள வருது. கதவு சுத்தி ரப்பர் கேஸ்கெட் ஒட்டினதும் மழையில கூட ஒரு மாசம் தாக்குப் புடிக்குது. நெறம் மாறினா இரும்புச் சட்டியில சின்னத் தீயில வறுத்தா பழைய நெறம் வந்துடும், ஆனா அந்தச் சட்டிய சமையலுக்கு திரும்ப எடுக்காதீங்க. நானூறு ரூவா ஈரப்பத மீட்டர் ஒண்ணும் உள்ள கெடக்கு. வெளிய 90 காட்டுறப்ப உள்ள 50க்குப் பக்கத்துல நின்னா எனக்கு நிம்மதி.

2024 தேர்தலுக்கு கவர் இல்லாம குடுத்தேன், உள்ளயும் வெளியயும் கிரீஸ் தடவி, மெழுகுத்தாள் சுத்தி. கைல காட்டன் கிளவுஸ். மார்ச்ல குடுத்தது ஜூன்ல வந்தப்ப ஒரு புள்ளி கூட இல்ல, மனைவியக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனா கிரீஸ் போட்ட குழல துடைக்காம யாரும் சுடக் கூடாது, உள்ள எது அடைச்சிருந்தாலும் குழல் வெடிக்கும். தெரிஞ்சவர் ஒருத்தர் சுவத்துல மாட்டி வெச்சிருந்த துப்பாக்கிக் குழல்ல குளவி மண்கூடு கட்டியிருந்தத நானே பார்த்திருக்கேன். அதனால ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா எடுக்கிறப்ப தோட்டா அறை ரெண்டையும் கண்ணால பார்த்து விரல விட்டும் பார்ப்பேன், அப்புறம் வெளிச்சத்துக்கு எதிர புடிச்சு பின்பக்கம் இருந்து முழுசா பார்த்துட்டுத்தான் துணி போடுவேன்.

கேஸ்கெட் கீழ் மூலையில கொஞ்சம் பிஞ்சிருக்கு. மழை புடிக்கிறதுக்குள்ள மாத்தணும்.