பண்ணை வீடா, கடற்கரையா: ஆஸ்திரேலியாவின் கோடைக் கிறிஸ்துமஸ்

சிட்னியில் குடியிருக்கும் பல குடும்பங்களுக்கு டிசம்பர் வந்தால் இதே குழப்பம்தான்: கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருக்கும் டப்போ என்ற ஊர்ப் பக்கம் தாத்தா பாட்டியின் கோதுமைப் பண்ணைக்குப் போவதா, கடலோரத்தில் வீடு எடுப்பதா?

செலவு: பண்ணைக்கு ஒரு வழிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர்; போய்வரப் பெட்ரோல் போதும். கடலோரத்திலோ வாடகை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

வெயில்: கடற்கரையில் பிற்பகலில் காற்று வரும். பண்ணையில் 40 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு, ஈத்தொல்லை வேறு. தொட்டியில் சேர்ந்த மழைநீரை நம்பித்தான் குளியல் என்பதால், நாலு குடும்பம் கூடினால் வாளிக்கணக்கு பார்க்க வேண்டும். காட்டுத்தீ அபாயத்தால் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வெளியே விறகு மூட்டக் கூடாது.

சாப்பாடு: கடலோரத்தில் குளிர்ந்த இறால். பண்ணையில் ஹாம் என்ற பன்றித்தொடை இறைச்சி, செர்ரி, முட்டை வெள்ளைக்கருவில் செய்து மேலே கிரீமும் பழமும் வைக்கும் பாவ்லோவா. கிரீம் இளகுவதற்குள் பாட்டி வலைமூடியைத் தூக்கி அவசரமாக வெட்டித் தரும் அந்தத் துண்டுக்கு ஈடில்லை. மழையால் அறுவடை தள்ளிப்போன ஆண்டில், சட்டையெல்லாம் கோதுமைத் தூசியோடு மாமா கடைசியாக வந்து உட்காருவார்.

கைக்குழந்தை இருந்தால் கடலோரமே நல்லது. ஓடியாடும் பிள்ளைகள் இருந்தால் பண்ணைக்குப் போங்கள். பாம்பு நடமாடும் காலம், புல்லில் இறங்கும்போது பூட்ஸ் கட்டாயம். ஆடுமாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லாமல் தாத்தா பாட்டியால் நகர முடியாது. அவர்களோடு பண்டிகை கொண்டாட வேண்டுமென்றால் நாம்தான் போக வேண்டும்.