“சுருங்கிவிட்டது” என்று ஸ்கேன் தாளைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்: புராஸ்டேட் வீக்கத்துக்கு இயற்கை வைத்தியம் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

தென்காசி, செங்கோட்டை, புளியரை வட்டாரத்தில் அறுபதை ஒட்டிய ஆண்களின் கைப்பேசிகளுக்கு, “அறுவை சிகிச்சை இல்லாமல் புராஸ்டேட் வீக்கம் கரையும், மூன்று மண்டலத்தில் நிரந்தரத் தீர்வு” என்ற விளம்பரம் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கிறது. பேசுபவர்கள் நம் ஊர்த் தமிழில் அண்ணாச்சி என்று அழைத்துப் பேசுவார்கள். வைத்திய நிலையம் மட்டும் ஆரியங்காவைத் தாண்டிக் கேரளத்துக்குள் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு நிலையத்தில் என் அக்காவின் கணவருக்கு நேர்ந்ததை, இன்னொரு குடும்பம் அங்கே போவதற்கு முன் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அத்தானுக்கு வயது 66. சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கியதால் இரவில் நான்கைந்து முறை எழுந்திருக்க வேண்டியிருந்தது. சிறுநீர் விட்டுவிட்டுப் போனது. சிறுநீரக மருத்துவர் டாம்சுலோசின் மாத்திரை கொடுத்து, தவறாமல் வந்து காட்டச் சொல்லியிருந்தார். மாத்திரையால் நீர் நன்றாகவே பிரிந்தது. ஆனால் படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றியது. அந்த மாத்திரைக்கு அப்படியொரு பக்கவிளைவு உண்டு; மருத்துவரிடம் சொல்லியிருந்தால் வேளையையோ மருந்தையோ மாற்றிக் கொடுத்திருப்பார். அதற்குள் விளம்பரம் அத்தானை எட்டிவிட்டது.

அங்கே நாடி பார்த்தார்கள். முந்தைய ஸ்கேன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினால்தான் எங்கள் மருந்து உடம்பில் ஏறும்” என்றார்கள். ஒரு மண்டலத்துக்கு 18,500 ரூபாய். சூரணம், கஷாயம், வெளிநாட்டு மூலிகை என்று சொன்ன ஒரு கேப்சூல். சூரணம் வந்த வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை இன்னும் வைத்திருக்கிறோம். அதில் ஒட்டிய தாளில் அத்தானின் பெயரும், பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய “காலை, மாலை” என்ற இரண்டு சொற்களும் மட்டுமே உள்ளன. உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானங்கள் எதுவும் இல்லை. முறையாகத் தயாரித்து விற்கும் சித்த, ஆயுர்வேத மருந்துகளின் மேல் ஒட்டும் தாளில் இவையெல்லாம் இருந்தாக வேண்டும். கொடுத்த பணத்துக்குத் தந்த ரசீதிலோ “நன்கொடை” என்று எழுதியிருந்தது.

இரண்டாம் மண்டலம் முடிந்தபோது அவர்களே ஓரிடத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்க வைத்தார்கள். முதல் தாளில் 52 கிராம் என்றிருந்த சுரப்பி, இந்தத் தாளில் 45 கிராம். அந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் காட்டி, மூன்றாம் மண்டலத்துக்கும் பணம் வாங்கிக்கொண்டார்கள். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் சுரப்பியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் திரையில் கையால் குறித்துப் பெருக்கித்தான் எடையைக் கணக்கிடுகிறார்கள். ஒவ்வோர் அளவையும் இரண்டு மில்லிமீட்டர் குறைத்துக் குறித்தாலே 52 என்பது 45 ஆகிவிடும். எடுப்பவர் மாறினால் இந்த அளவு வித்தியாசம் வருவது வெகு சாதாரணம். அதே தாளில் இரண்டு வரி கீழே, சிறுநீர் கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் தங்கிய நீரின் அளவு இருந்தது. முதல் தாளில் அது 80 மில்லி. இரண்டாம் தாளில் 310 மில்லி. அதை யாரும் வட்டமிடவில்லை, வாய் திறந்து சொல்லவும் இல்லை. என்னைப் பொறுத்தவரை முழு மோசடியும் அந்த இரண்டு வரி இடைவெளியில்தான் இருக்கிறது.

சுரப்பி பெரிதாக இருந்தும் தொந்தரவே இல்லாதவர்கள் உண்டு. சிறிதாக இருந்தும் நீரடைப்பு வந்தவர்கள் உண்டு. சிறுநீர்க் குழாய் அந்தச் சுரப்பியின் நடுவே செல்வதால், வழி எவ்வளவு நெருங்கியிருக்கிறது, பை முழுவதும் காலியாகிறதா என்பவையே பார்க்க வேண்டியவை. தங்கும் நீர் மெல்ல மெல்லக் கூடும்போது பல சமயம் வலியே இருக்காது. அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களைத் தாக்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் மண்டலத்தின் நடுவே ஓர் இரவு அத்தானுக்குச் சொட்டு நீரும் பிரியவில்லை. அடிவயிறு கல்லாக இறுகிவிட்டது. நிலையத்துக்கு அக்கா போன் செய்தபோது, “கழிவு வெளியேறும் நேரம், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்” என்று பதில் வந்தது. அரசு மருத்துவமனையில் டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வெளியேறியது. இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தன, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் 3.1 என்று ஏறியிருந்தது. டியூப் இருந்தபடியே அது இறங்கிய பிறகு, குழாய் வழியாகச் சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அதைத் தவிர்க்கத்தான் அத்தான் மலை தாண்டிப் போனார்.

மூலிகைகள் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேப்சூல் சா பால்மெட்டோ என்ற அமெரிக்கக் குட்டைப் பனையின் பழச்சாறு என்று பின்னர் தெரிந்தது. அமெரிக்காவில் 225 பேரிடம் ஓராண்டு கொடுத்துப் பார்த்து 2006இல் வெளியான ஆய்விலும், வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கு வரை கூட்டிக் கொடுத்த 2011ஆம் ஆண்டு ஆய்விலும், அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை. பீட்டா சிட்டோஸ்டெரால் என்ற தாவரப் பொருள் சிலருக்கு நீர் போகும் வேகத்தைச் சற்றுக் கூட்டியதாகக் குறுகிய கால ஆய்வுகளில் தெரிந்தது. சுரப்பியை அது சுருக்கவில்லை. நெருஞ்சிலும் சிறுபீளையும் நம் மரபில் நீர் பெருக்கக் கொடுப்பவை. வெளியேறும் வழி அடைபட்டிருக்கும்போது நீரைப் பெருக்கினால் பை என்னாகும் என்பதை, அவற்றைக் கொடுப்பவர் யோசித்தே ஆக வேண்டும். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்குப் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. எங்கே போனாலும் புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்தைக் காட்டித் தரும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். வீக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் தொந்தரவுகள் ஒன்றுபோலவே இருக்கும். அத்தானுக்கு அந்த நிலையம் அதைக் கேட்கவே இல்லை.

1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் புராஸ்டேட் சுரப்பிக் கோளாறுகளும் இருக்கின்றன. அவற்றைக் குணமாக்கும் என்று பொதுமக்களிடம் மருந்தை விளம்பரப்படுத்துவதே குற்றம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “கேரளத்தில் வந்து கேஸ் போடுங்கள்” என்றார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் தருபவர் தான் குடியிருக்கும் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாங்கள் புகார் தந்துவிட்டோம். இதே நிலையத்துக்குப் பணம் கட்டியவர்கள் டப்பா, ரசீது, இரண்டு ஸ்கேன் தாள்கள், கைப்பேசியில் பணம் அனுப்பிய பதிவு ஆகியவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். எங்கள் புகாரில் “நன்கொடை” என்ற சொல்லுக்கு எதிராக நின்றது அந்தப் பணப் பதிவுதான்.