உப்பு வணிகனின் பெயர் படிக்கக் கிடைத்த ஞாயிறு: ஒருநாள் வேன் பயணம் பற்றி

மதுரைக்கு வரும் வெளியூர்க்காரர்களை மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், ஒரு ஜிகர்தண்டா என்று சுற்றிக் காட்டி ரயிலேற்றிவிடுவது எங்கள் வழக்கம். அந்த மூன்றின் மேலும் எனக்குக் குறை இல்லை. ஆனால் இந்த ஊரின் வேர் எது என்று கேட்பவர்களை இனி நான் வேறொரு இடத்துக்குத்தான் அனுப்பப் போகிறேன். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேன் பயணம் நடத்துகிறார். காலையில் கிடாரிப்பட்டி குகைத்தளம், பிற்பகலில் கீழடி அருங்காட்சியகம். தலைக்கு 1,200 ரூபாய். சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் அதில் அடக்கம். மும்பையில் பிறந்து வளர்ந்த என் அண்ணன் மகளுக்காக இடம் பதிவு செய்தேன்; நானும் மனைவியும் கூடப் போனோம்.

நான் கீழமாசி வீதியில் உப்பும் புளியும் மொத்த வியாபாரம் செய்பவன். கிடாரிப்பட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கு அதுவே காரணம்.

அழகர்மலைத் தொடரில், மேலூர் வட்டத்தில் இருக்கிறது இந்தக் குகைத்தளம். மலைப்பாறை குடையாகக் கவிந்திருக்கிறது. உள்ளே ஒரு சுனை. சமணத் துறவிகள் படுப்பதற்காகத் தரையில் வெட்டிய கற்படுக்கைகள். மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கப் பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். அங்கேதான் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்துகள்; அந்தக் காலத்தில் தமிழை எழுதிய முறை அது.

வழக்கமான வழிகாட்டி என்றால் இந்த இடத்தில் ஒப்பிக்கத் தொடங்கியிருப்பார். இவர் எல்லோர் கையிலும் ஒரு எழுத்து அட்டவணையைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துகொண்டார். க ஒரு கூட்டல் குறி. ர ஒரு நேர்க்கோடு. வ ஒரு வட்டம், தலையில் ஒரு சிறு கோடு. பாறையில் சுண்ணக்கட்டி பூசிப் படம் எடுக்க அவர் விடுவதில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்திருக்கிறார். வெயிலை அதில் வாங்கிப் பாறை மேல் சாய்வாக அடித்தால், வெறும் கீறலாகத் தெரிந்தது நிழல் கட்டி எழுத்தாக எழுந்து நிற்கிறது. தன் பேச்சைக் குறைத்து எங்களுக்கு நேரம் கொடுத்ததற்காகவே அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அண்ணன் மகள் பஸ் பலகையையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அந்தப் பாறைக்கு முன்னால் அவளும் நானும் ஒரே வகுப்பு. முதலில் வ கண்டுபிடித்தவள் அவள்தான். பிறகு கூட்டல் குறியையும் பிடித்துவிட்டு, “சித்தப்பா, இது வணிகன்தானே?” என்றாள். ஆசிரியர் தலையாட்டிவிட்டு, அதற்கு முந்தைய சொல்லையும் படிக்கச் சொன்னார். உப்பு. மதுரை உப்பு வணிகன் வியகன்.

ஊர், சரக்கு, பெயர். என் கடைப் பலகையிலும் இதே மூன்றுதான் எழுதியிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் இந்த ஊரில் உப்பு விற்றும் இந்த மனிதர் இருந்தது எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே மதுரைப் பொற்கொல்லன் ஆதன். ஏருக்குக் கொழு விற்ற ஒரு வணிகன். துறவிகளுக்குப் படுக்க இடம் செய்து கொடுத்தவர்கள் இவர்களைப் போன்ற கடைக்காரர்களும் கைவினைஞர்களும்தான். அதே தலத்தில் சுமார் ஒன்பதாம் நூற்றாண்டில் அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்த தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் அருகர்) சிற்பமும், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டும் இருக்கின்றன. உப்பு வணிகன் கொடை கொடுத்துப் பல நூறு ஆண்டுகள் கழிந்த பிறகும் துறவிகள் அந்த இடத்தைத் தேடி வந்திருக்கிறார்கள்.

அங்கிருந்து கீழடி. 2023இல் செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டித் திறக்கப்பட்ட அருங்காட்சியகம். அகழ்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 வரை போகிறது என்ற செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். என்னை நிறுத்தியவை நூல் நூற்ற தக்களிகளும், தந்தச் சீப்பும், பகடைகளும்; பிறகு பானை ஓட்டில் கீறிய ஒரு பெயர்: ஆதன். காலையில் பாறையில் பார்த்த அதே பெயர். “பெயர்தான் ஒன்று; ஆள் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்” என்று ஆசிரியர் உடனே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. தன் பானையில் தன் பெயரைத் தானே கீறிவைக்கும் அளவுக்கு எழுத்து வீட்டுக்குள் புழங்கிய ஊர் இது. சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லால் செய்த மணிகளுக்கான கல் மேற்கே குஜராத், மராட்டியப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்றதும் அண்ணன் மகள் அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே இல்லை.

குறைகளும் உண்டு. வழியில் நிறுத்திய சாப்பாட்டுக் கடையில் வெகுநேரம் போய்விட்டது. அதனால் கீழடியில் சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறுகளை ஓடி ஓடித்தான் பார்த்தோம். கட்டுச்சோறு கொண்டுபோனால் இந்தத் தொல்லை இல்லை. மலையடிவாரத்தில் பெண்களுக்குக் கழிப்பிட வசதி கிடைக்கவில்லை. பதிவு செய்யும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். என் மனைவி பட்ட சிரமம் தவிர்த்திருக்கக் கூடியது. அட்டவணை நகல் மங்கல். பெரிய எழுத்தில் அச்சடித்தால் வயதானவர்களுக்கு உதவும். முழங்கால் வலி உள்ளவர்கள் மலை ஏறுவதற்கு முன் யோசிக்கவும். பித்தளைச் சொம்பு, பூஜைத் தட்டு என்று கீழடி பெயரில் எதையாவது வாங்கி வரலாம் என்று எண்ணி வருபவர்களுக்கும் இந்தப் பயணம் தோதுப்படாது.

அடுத்த முறை மாங்குளத்தையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் வரும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அதைவிட, வெள்ளறை நிகமத்தார் என்று ஒரு வணிகர் குழு தங்கள் கொடையைப் பதிந்து வைத்திருக்கும் வரியைத்தான் நான் என் கண்ணால் படிக்க வேண்டும். ஒரே நாளில் மூன்று இடம் முடியாது என்றார் ஆசிரியர். மாங்குளத்துக்கென்று தனியாக ஒரு ஞாயிறு வைத்தால், எங்கள் வீதியிலிருந்தே ஒரு வேன் நிறைய வியாபாரிகளைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.