ஹார்ட்டா, ஃபுல்லரா: சட்டவியலை எங்கே தொடங்குவது?

"சித்தி, அநியாயமான சட்டமும் சட்டம்தானா?" சிங்கப்பூரின் தெம்பனிஸ் நூலகத்தில் என் அக்காள் மகள் கேட்டாள். இந்த ஆண்டு சட்டம் படிக்கப் போகிறாள்.

1958இல் ஹார்வர்டு சட்ட இதழில் பிரிட்டிஷ் சட்டத் தத்துவஞானி ஹார்ட்டும் அமெரிக்கச் சட்டத் தத்துவஞானி ஃபுல்லரும் மோதியது இந்தக் கேள்வியில்தான். 1944இல் ஜெர்மனியில் ஒரு பெண், ஹிட்லரைப் பழித்துப் பேசிய தன் கணவனையே காட்டிக்கொடுத்தாள். போர் முடிந்தபின் அவள் குற்றவாளிக் கூண்டில் நின்றாள். கணவனைத் தண்டித்த சட்டம் செல்லுமா?

செல்லும் என்கிறார் ஹார்ட். அது கொடிய சட்டம், ஆனாலும் சட்டம். அவளைத் தண்டித்தே ஆகவேண்டுமென்றால், முன்தேதியிட்டு ஒரு சட்டம் இயற்றி, அதிலுள்ள தவற்றையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள் என்கிறார். ஃபுல்லரோ, இரகசிய ஆணைகளால் நடந்த அந்த ஆட்சியின் கட்டளைகளைச் சட்டம் என்று அழைப்பதே பிழை என்கிறார். சட்டத்துக்கென்று உள்ளேயே ஓர் ஒழுக்கம் உண்டு என்பது அவர் வாதம்.

இது ஐரோப்பாவோடு முடிந்த வழக்கல்ல. சட்டப்படியன்றி எவர் உயிரையும் பறிக்கக்கூடாது என்கிறது சிங்கப்பூர் அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு. அந்தச் 'சட்டம்' எது? நாடாளுமன்றம் நிறைவேற்றியது என்பதாலேயே எதுவும் சட்டமாகிவிடாது, நடுநிலையான விசாரணை போன்ற இயற்கை நீதியின் அடிப்படை விதிகளும் அதில் அடக்கம் என்று 1980இல் ஓங் ஆ சுவான் வழக்கில், அப்போது சிங்கப்பூரின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது. ஃபுல்லர் மகிழ்ந்திருப்பார். ஆனால் அதே தீர்ப்பு, போதைப்பொருள் கடத்தலுக்கான கட்டாய மரண தண்டனை செல்லும் என்றும் சொன்னது. 2010இல் யோங் வுய் கோங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தண்டனையை உறுதிசெய்தது. ஆனால் அறவே தான்தோன்றித்தனமான சட்டம் 9ஆம் பிரிவின் 'சட்டம்' ஆகாது என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. அந்தக் கதவு எவ்வளவு குறுகலானது என்பதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

என் நெஞ்சு ஃபுல்லர் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் முதலில் ஹார்ட்டைப் படி என்றேன். கொடுமையைப் பார்த்து 'இது சட்டமே அல்ல' என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள அவர் விடுவதில்லை. சட்டம்தான், அதனால்தான் அதற்கு நாம் பொறுப்பு என்று நிறுத்திவைக்கிறார். சட்டம் வேறு, ஒழுக்கம் வேறு என்ற இந்தப் பிரிப்பைப் பதினெட்டு வயதில் கற்றுக்கொள்வது பெரிய பலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் ஆஸ்டினின் 'ஆணையே சட்டம்' கோட்பாட்டுக்கு ஒரு மாலை போதும். ஹார்ட், ஃபுல்லரின் பதில், உடனே ஓங் ஆ சுவான் தீர்ப்பு: இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் படிக்கச் சொன்னேன். இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் அக்குவினாஸை டிசம்பர் விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்.